பேரீத்த மரமும் தாய்மையும்: பாலைவனப் பெண்களின் கலை பற்றி ஒரு நோக்கு

சென்ற வருடம் எமது கலை விழாவுக்காக ‘தாய்மை’ என்ற தலைப்பில் சித்திரப் போட்டியொன்று நடந்தது. தரம் பத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி வெறும் தாளுடன் என்னிடம் வந்து நின்றாள்.

“டீச்சர், உம்மாவின் முகத்தைக் கீறினால் வாப்பா விரும்பமாட்டார். முகம் கீறாமல் தாய்மையை எப்படிக் கீறுவது?”

“ஒரு மரத்தைக் கீறுங்கள் மகள்” என்றேன்.

“எந்த மரம் டீச்சர்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் ஒரு தென்னையைக் கீறிக் கொடுத்தாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. முகம் வரையாமலே தாய்மையையும் பெண்மையையும் காட்டிய ஒரு பெரிய கலை மரபு பாலைவன நாடுகளில் உண்டு. அந்த மரபின் நடுவில் நிற்பது பேரீத்த மரம். அதை அறிமுகம் செய்வதே நோக்கம். தாமதமாகவேனும் அந்த மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இது.

மரத்துக்குள் இருக்கும் தாய்மை

றமழானில் நாம் நோன்பு திறக்கும் பழம் எந்த மரத்தில் காய்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மரம் எப்படி வாழ்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டோம். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீத்த மரங்களைப் பார்த்தவர்கள் கூட அதன் உயரத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

பனையைப் போலவே பேரீத்தையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் தருவது பெண் மரம் மட்டுமே. காற்றை நம்பியிருந்தால் விளைச்சல் குறைவு. ஆகவே மனிதர் மரத்தில் ஏறி, ஆண் பூவின் இழைகளை எடுத்துப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் ஏறக்குறைய 50 பெண் மரங்களுக்குப் போதும். எனவே பேரீத்தந் தோட்டம் என்பது பெரும்பாலும் பெண் மரங்களின் தோட்டமே.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பேரீத்தங் கொட்டையை நட்டால் மரம் வரும். ஆனால் அது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பழமும் தாய் மரத்தின் பழத்தைப் போல இருக்காது. தாயின் குணத்தை அப்படியே கொண்ட மரம் வேண்டுமாயின், தாய் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடவேண்டும். அரபியில் இதற்கு ‘ஃபஸீலா’ என்று பெயர். வாழையடி வாழை என்று நாம் சொல்வதைப் பாலைவனத்தார் பேரீத்தையில் காண்கிறார்கள்.

தாய் மரம் தன் இளமைக் காலத்தில், ஏறக்குறைய முதற் பத்துப் பதினைந்து வருடங்களில்தான், இக்கன்றுகளைத் தருகிறது. கன்று சொந்தமாக வேர்விடும் வரை சில வருடங்கள் தாயோடு ஒட்டியே நிற்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் கன்று பட்டுப்போகும். பிரிக்கத் தெரியாதவர் வெட்டினால் தாய்க்கும் காயம். ஆக, இன்று மதீனாவில் நிற்கும் ஓர் அஜ்வா மரம், அதன் தாயின், அந்தத் தாயின் தாயின் உடலிலிருந்து வந்த தொடர்ச்சியாகும்.

மரத்தின் நிழலும் தாய்மைக்குரியதே. பாலைவனச் சோலைகளில் பேரீத்தையின் கீழ் மாதுளை, எலுமிச்சை போன்ற மரங்களும், அவற்றின் கீழ் மரக்கறிகளும் வளர்க்கப்படுகின்றன. மேலே நிற்பவள் வெயிலைத் தாங்குவதால் கீழே உள்ளவை பிழைக்கின்றன. ஸவூதி அரேபியாவின் அல்அஹ்ஸா சோலையில் மாத்திரம் 25 இலட்சம் பேரீத்த மரங்கள் உள்ளன. 2018இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

மர்யம் (அலை) அவர்களும் மரமும்

தாய்மையையும் பேரீத்தையையும் ஒன்றாக நினைக்கும்போது முஸ்லிம்களாகிய எமக்கு முதலில் வருவது ஸூறா மர்யமின் 23 முதல் 26 வரையான வசனங்களே. அங்கே சொல்லப்படும் காட்சியை ஓர் ஓவியரின் கண்ணோடு பாருங்கள்.

பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களை ஒரு பேரீத்த மரத்தின் அடிப்பாகத்துக்குக் கொண்டு வருகிறது. பக்கத்தில் தாயில்லை, மருத்துவிச்சி இல்லை. இதற்கு முன்னரே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சொல்லுமளவுக்கு அவர் துன்பப்படுகிறார். அப்போது கீழிருந்து ஒரு குரல் ஆறுதல் சொல்கிறது. அவருக்குக் கீழே நீரோடை இருக்கிறது; மரத்தின் அடியைத் தன் பக்கமாக உலுக்கினால் புத்தம்புதிய பழங்கள் உதிரும்; உண்ணவும் பருகவும் கண் குளிரவும் அவருக்குச் சொல்லப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தாய்மையின் வேதனை மறைக்கப்படவில்லை. பிள்ளை பெறுபவளின் மனம் உடைந்துபோகும் நேரம் அப்படியே சொல்லப்படுகிறது. இன்றும் பிரசவத்தின் பின் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து “இதுவும் ஒரு கவலையா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வசனங்களை இன்னொரு முறை ஓத வேண்டும்.

இரண்டாவது, அவரிடம் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. பேரீத்தை அடியை ஒரு பலசாலி உலுக்கினாலும் இலேசில் அசையாது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணால் என்ன செய்ய முடியும்? ஆயினும் கையை வைக்கச் சொல்லப்படுகிறது. பழத்தைத் தருபவன் அல்லாஹ், முயற்சி அவருடையது. அறிஞர் பலர் இதிலிருந்து உழைப்பின் அவசியத்தை எடுத்துக்காட்டியுள்ளனர்.

மூன்றாவது, அந்த வேளையில் அவருக்குத் துணையாக நின்றது பழம் தரும் பெண் மரம். ஒரு தாயின் கையும் இன்னொரு தாயின் உடலும் சேரும் காட்சி அது. அதில் முகம் தேவையில்லை. கை, மரம், கீழே ஓடும் நீர் ஆகிய மூன்றும் போதும்.

மரத்துக்கும் உணர்வு இருப்பதாக எண்ணும் பண்பு ஹதீஸ்களிலும் தெரிகிறது. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குப் பேரீத்த மரங்களே தூண்கள், அதன் மட்டைகளே கூரை. நபியவர்கள் ஒரு பேரீத்தங் குற்றியின் அருகில் நின்று உரையாற்றி வந்தார்கள். பின்னர் ஓர் அன்ஸாரிப் பெண் முன்வந்து, தச்சரான தன் பணியாளைக் கொண்டு மிம்பர் ஒன்றைச் செய்வித்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறியபோது அந்தக் குற்றி அழுதது. அவர்கள் இறங்கி வந்து அதனை அணைத்து அமைதிப்படுத்தினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. ஓர் அறிவிப்பு அந்த அழுகையைக் குழந்தையின் அழுகைக்கு ஒப்பிடுகிறது. மற்றொன்று நிறைமாத ஒட்டகையின் முனகலுக்கு ஒப்பிடுகிறது. மரத்தின் துயரத்தைச் சொல்ல வந்தபோது அம்மக்களின் நாவில் வந்தவை பிள்ளையும் தாயுமே.

‘உங்கள் மாமியாகிய பேரீத்த மரத்தைக் கண்ணியப்படுத்துங்கள்’ என்ற பொருளில் ஒரு கூற்றும் அரபு மக்களிடையே பரவியுள்ளது. இது நபிமொழியாக உறுதிப்பட்டதன்று என ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். எனினும் மக்கள் அம்மரத்தைத் தகப்பனின் சகோதரியாக, குடும்பத்தில் ஒருத்தியாக நினைத்தார்கள் என்பதை இது காட்டுகிறது. தாய்மை என்பது பெற்றவளுக்கு மாத்திரம் உரியதன்று. வளர்த்தெடுத்த மாமிக்கும் சாச்சிக்கும் அதில் பங்குண்டு. பிள்ளைப் பேறில்லாத ஆயிஷா (றழி) அவர்களை உம்முல் முஃமினீன், முஃமின்களின் தாய் என்றுதானே அழைக்கிறோம்!

சுவரில் ஏறிய மரம்

இனிக் கலைக்கு வருவோம். பேரீத்தை சுவரில் ஏறியது மிகப் பழைய காலத்தில். வட ஈராக்கின் நிம்ரூதில், கி.மு. 883 முதல் 859 வரை ஆண்ட அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நஸிர்பாலின் மாளிகைச் சுவர்களில் கற்சிற்பங்கள் இருந்தன. அவற்றிற் பல இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. நடுவில் அழகுபடுத்தப்பட்ட ஒரு மரம். இருபுறமும் சிறகுள்ள உருவங்கள். கையில் கூம்பு போன்ற ஒரு பொருளும் ஒரு வாளியும். பெண் பேரீத்தைக்கு மகரந்தம் சேர்க்கும் செயலின் சாயல் இது என்பது அறிஞர் பலரின் கருத்து. இது தூய்மைப்படுத்தும் சடங்கு என்போரும் உளர். முதற் கருத்தை ஏற்றால் ஓர் உண்மை புலப்படும். போரும் வேட்டையும் நிறைந்த அந்தச் சுவர்களில் மனிதப் பெண்ணைக் காண்பது அரிது. ஆனால் நாட்டின் செழிப்பைக் காட்ட நடுவில் நிறுத்தப்பட்டதோ ஒரு பெண் மரம்.

இஸ்லாமியக் கலையில் பேரீத்தை வேறொரு விதமாக வந்தது. பைத்துல் முகத்தஸ் வளாகத்திலுள்ள குப்பத்துஸ் ஸக்ரா, உமையாக் கலீபா அப்துல் மலிக் காலத்தில் ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691-692இல் எழுந்தது. அதன் உட்சுவர்களில் சிறு கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் பதித்துச் செய்த சித்திர வேலைப்பாடு உள்ளது. மனித உருவமோ மிருக உருவமோ அதில் இல்லை. கொடிகளும் சாடிகளும் ஆபரணங்களும் மரங்களும் உள்ளன. அம்மரங்களில் குலை தொங்கும் பேரீத்தைகளும் உண்டு. அதே கட்டடத்தின் உள்ளே நீண்டு செல்லும் எழுத்து வரியில் ஸூறா மர்யமின் வசனங்களும் இடம்பெற்றுள்ளன. மரத்தை அமைத்த கைவினைஞர் மர்யம் (அலை) அவர்களை மனதில் வைத்தே அமைத்தார் என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே நின்று வாசிப்பவரின் கண் எழுத்திலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து எழுத்துக்கும் போய்வரலாம். உருவம் இல்லாத கலை இப்படித்தான் பேசும். பார்ப்பவரின் அறிவையும் துணைக்கு அழைக்கும்.

கையில் பிறந்த கலை

மாளிகையும் பள்ளிவாசலும் ஆட்சியாளர் கட்டுவித்தவை. பாலைவனப் பெண்களின் சொந்தக் கலை வீட்டில் இருந்தது. அதை நாம் கலை என்று எண்ணாமல் விட்டோம்.

வளைகுடா நாடுகளில் பேரீத்தை ஓலை பின்னும் கலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. மரத்தின் நடுக்குருத்தை ஒட்டிய இளம் ஓலைகளை நுண்ணிய வேலைக்கு எடுப்பார்கள். காய்ந்த ஓலையை நீரில் ஊறவைத்து இளக்கி, சிலவற்றுக்குச் சாயமிட்டு, நீண்ட பட்டியாகப் பின்னுவார்கள். பின்னர் அப்பட்டிகளைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் பொருள் உருவாகும். சாப்பாடு வைக்கும் வட்டப் பாய், உணவை மூடும் கூம்பு மூடி, விசிறி, பழம் பறிக்கும் கூடை, பழம் சேமிக்கும் பை எனப் பலவும் இவ்வாறு வந்தன. இவை யாவும் ஊட்டவும் காக்கவும் பயன்படுபவை. தாய் செய்யும் வேலையே பொருளின் வடிவமாயிற்று.

கிழக்கிலங்கையில் எமது மூத்தம்மாமார் பன் பாய் இழைத்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. சாயமிட்ட பன்னை எந்த இடத்தில் விடுவது, எத்தனை இழைக்கு ஒருமுறை மாற்றுவது என்று அவர்கள் தாளில் எழுதி வைக்கவில்லை. விரல்களில் வைத்திருந்தார்கள்.

ஓலைக்கு அடுத்தது நூல். அரேபியப் பாலைவனத்து நாடோடிப் பெண்கள் செம்மறி, வெள்ளாடு, ஒட்டகம் ஆகியவற்றின் உரோமத்தைத் தாமே நூற்று, நிலத்தில் விரித்த தறியில் நெய்தார்கள். இதற்கு ‘ஸது’ என்று பெயர். கூடாரத் துணியும் இடையில் தொங்கும் திரையும் அவர்களது நெசவே. பாலைவனத்தில் வீட்டைக் கட்டியவள் பெண் என்றால் அது மிகையன்று. 2011இல் யுனெஸ்கோ ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஸது நெசவை உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் வளத்தின் பின் வாழ்க்கை மாறிவிட்டது, நெய்யத் தெரிந்தவர்கள் முதியவர்கள், இளையோர் கற்கவில்லை. இதுவே காரணம்.

பலஸ்தீனத்துப் பெண்களின் தையற் கலையான ‘தத்ரீஸ்’ 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. றமல்லாப் பகுதி ஆடைகளில் ‘நக்லா’, அதாவது பேரீத்தை, புகழ்பெற்ற ஒரு கோலம். தெற்கே நகப் பாலைவனத்தில் மணமாகாத பெண்ணின் ஆடையில் நீல நூலும், மணமானவளின் ஆடையில் சிவப்பு நூலும் இடம்பெறுவது வழக்கம். எழுதப் படிக்காத பெண்ணும் தன் வாழ்வின் நிலையை நூலால் எழுதினாள். தாயிடமிருந்து மகள் கற்றாள். ஃபஸீலா போலவே, தாயோடு ஒட்டியிருந்து கற்றுப் பின் தனியே வேர்விட்டாள்.

பெயர் எங்கே?

இந்தப் பொருள்கள் பல இன்று நூதனசாலைகளில் உள்ளன. ஊரின் பெயர் இருக்கும், காலம் இருக்கும். செய்தவளின் பெயர் பெரும்பாலும் இராது. நிம்ரூத் மன்னனின் பெயர் ஈராயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு மேல் நிலைத்திருக்க, கூடாரத்தை நெய்தவளின் பெயர் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோனது.

இந்தக் குறையை உணர்ந்த பெண் ஓவியர்கள் பின்னர் தோன்றினார்கள். ஜித்தாவில் 1940இல் பிறந்த ஸஃபிய்யா பின்ஸகர், 1968இல் முனீரா மூஸ்லியுடன் சேர்ந்து தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஸவூதிப் பெண்களின் கலைக்கு வழி திறந்த அந்தக் கண்காட்சி நடந்த இடம் எது தெரியுமா? ஒரு பெண்கள் பாடசாலை! மணப்பெண்ணின் உடை, வீட்டுச் சடங்குகள், பெண்களின் அன்றாட வேலைகள் என மறைந்துகொண்டிருந்த ஹிஜாஸ் வாழ்வை அவர் வரைந்து வைத்தார். 2024இல் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் 1973இல் தஹ்ரானில் பிறந்த மனால் அல்துவையான். பொது இடத்தில் தாயின் அல்லது மனைவியின் பெயரைச் சொல்ல ஆண்கள் வெட்கப்படும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, 2012இல் ‘இஸ்மீ’, அதாவது ‘என் பெயர்’ என்ற படைப்பைச் செய்தார். பெரிய மரத் தஸ்பீஹ் மணிகளில் பெண்கள் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். 2014இல் இன்னொன்று செய்தார். பெண்கள் தம் தாய், தாயின் தாய் என்று பெண்வழியில் மாத்திரம் குடும்ப மரத்தை எழுதினார்கள். பித்தளை இலைகள் கூட்டமாகத் தொங்கவிடப்பட்டன. முகம் இல்லை, உருவம் இல்லை. இலையும் பெயரும் மாத்திரம். ஆனால் அதைவிடத் தெளிவாகத் தாய்மையை எப்படிக் காட்டுவது?

பெயரைச் சொல்வது வெட்கத்துக்குரியதா? அல்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள். அவரது மகனாகிய நபியும் ‘மர்யமின் மகன் ஈஸா’ என்று தாயின் பெயராலேயே அழைக்கப்படுகிறார். யார் மிகவும் விருப்பமானவர் என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் சபையில் ஆயிஷா என்று பெயர் சொல்லியே பதிலளித்தார்கள். அதற்குப் பிறகு நாம் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஒரு பயிற்சி

வீட்டில் ஒரு தாளை எடுத்து ஒரு பேரீத்த மரத்தைக் கீறுங்கள். அடியில் ஒரு சிறு கன்று இருக்கட்டும். அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். மேலே ஒவ்வோர் ஓலையிலும் உம்மாவின் பெயர், உம்மம்மாவின் பெயர், அவரது உம்மாவின் பெயர் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் கையால் செய்த ஒன்றைக் குறியுங்கள். பாயாக இருக்கலாம், தொப்பியாக இருக்கலாம், ஒரு கறியாகவும் இருக்கலாம்.

நான் இதைச் செய்து பார்த்தேன். கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய எமக்குக் குடி வருவது தாய்வழியில். என் குடியின் பெயர் எனக்குத் தெரியும். அந்தக் குடியை எனக்குத் தந்த பெண்களின் பெயர்களோ மூன்றுக்கு மேல் தெரியவில்லை. நான்காவது ஓலை வெறுமையாக நின்றது. உம்மாவிடம் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அவவ எல்லாரும் பாய்க்காரம்மா எண்டுதான் சொல்லுவாங்க மகள், பேர் தெரியா” என்றார். அவர் இழைத்த பாயொன்று மடித்தபடி இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

பெற்றோர்களே, வீட்டில் மூத்த பெண்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். மகனின் தாளிலும் இந்த மரத்தைக் கீறச் சொல்லுங்கள்.

மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் ஒருவரின் கையில் ஒரு ஃபஸீலா இருக்குமாயின், முடியுமானால் அதை நட்டுவிடட்டும் என்ற நபிமொழியை நாம் அறிவோம். தாயிடமிருந்து பிரித்தெடுத்த கன்றுக்கே அந்தச் சொல் வழங்குகிறது. எமது கையிலும் அப்படியொரு கன்று இருக்கிறது. அது ஒரு பெயராக இருக்கலாம், ஒரு பின்னலாக இருக்கலாம்.

அந்த மாணவி இப்போது தரம் பதினொன்றில் படிக்கிறாள். இந்த வருடப் போட்டிக்கு அவள் வந்து கேட்டால், எந்த மரம் என்று என்னால் சொல்ல முடியும். அடியில் கன்றைக் கீற மறக்க வேண்டாம் என்றும் சொல்வேன்.